கரண்ட் வைத்தால் மூளை கருகுமா?



எலெக்ட்ரிகல் படித்தவன் கரண்டுக்குப் பயப்படலாமா? நான் பயந்தேன். மனச்சோர்வு முற்றி, சாப்பாடே வேண்டாம் என்று அம்மா படுத்துவிட்டார். டாக்டர் "ஈ.சி.டி. கொடுக்கலாம்" என்றதும், கைகாலைக் கட்டி ஷாக் வைக்கிற சினிமாக் காட்சிதான் கண்முன் வந்தது. ஒரு வாரம் கையெழுத்துப் போடவில்லை.

1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. இப்போது மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் செய்யவே கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. கரண்ட் சுமார் 0.8 ஆம்பியர். குறுகிய துடிப்புகளாக, சில விநாடிகள்தான். குணமாக்குவது கரண்டும் இல்லையாம், அது மூளையில் கிளப்பிவிடும் வலிப்பாம்! நமக்கு இதெல்லாம் எந்த செமஸ்டரில் சொன்னார்கள்?

சரி, மூளை கருகுமா? எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் சுருங்கவில்லை, கொஞ்சம் பெருத்திருக்கிறது. ஆனால் அதிகம் பெருத்தவர்களே அதிகம் குணமானார்கள் என்று 2018இல் வந்த பெரிய ஆய்வில் தெரியவில்லை.

நினைவு இழப்பு மட்டும் நிஜம். வலப்பக்கம் மட்டும், இன்னும் குறுகிய துடிப்பாகக் கொடுத்தால் அது குறைகிறது. இதை முன்னாடியே எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு.

ஆறாவது தடவைக்குப் பிறகு அம்மா காபி கேட்டார். இரண்டு மாதம் முன்பு நடந்த தங்கை வளைகாப்பு மட்டும் சுத்தமாக ஞாபகமில்லை. ஆல்பத்தைக் காட்டினால், "நான் வந்திருந்தேனாடா?" என்கிறார்.