கண்ணாடி போதும் என்றிருக்கலாமா?

காலையில் கண் விழித்ததும் கடவுளை நினைப்பவர் உண்டு. காப்பியை நினைப்பவரும் உண்டு. நான் முதலில் நினைப்பது என் மூக்குக்கண்ணாடியை. முந்திய இரவு அதனை எங்கே வைத்தோம் என்பது மறந்துவிட்டாலோ, அதைத் தேடுவதற்கே அது வேண்டியிருக்கும்! என் கண்ணாடியின் எண் மைனஸ் 12. அஃது இல்லாவிடில், கண்ணிலிருந்து சுமார் 8 சென்டிமீட்டர், அதாவது நான்கு விரற்கிடைக்குள் இருப்பனவே எனக்குத் தெளிவாகத் தெரியும். அதற்கு அப்பாலுள்ள உலகமெல்லாம் மூடுபனிதான்.

இக்குறைக்குக் கிட்டப்பார்வை என்று பெயர். வளர்ந்த ஒருவரின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அந்நீளம் ஒரு மில்லிமீட்டர் மிகுந்தால் கண்ணாடியின் எண் ஏறக்குறைய 3 கூடிவிடும். விழி நீண்டுவிடுவதால், ஒளி விழித்திரையின்மீது குவியாமல் அதற்கு முன்னரே குவிந்துவிடுகிறது. குழிவில்லையை அணிந்து அக்குவியத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறோம், பார்வை தெளிகிறது. எண் மைனஸ் 6-ஐ எட்டிவிட்டால் அதனைக் கடுமையான கிட்டப்பார்வை என்பர் மருத்துவர்.

நம்மில் பலரும் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இங்கே உண்டு. கண்ணாடி ஒளியைத் திருத்துகிறதே அன்றி, விழியைத் திருத்துவதில்லை. நீண்டுபோன விழியினுள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். மெலிந்த இடத்தில் கிழிசல் காணலாம். சுவரில் ஒட்டிய தாளுக்குப் பின்னால் நீர் புகுந்தால் தாள் உரிந்து வருவதுபோல, அக்கிழிசலின் வழியே விழியினுள் இருக்கும் நீர்மம் புகுந்து விழித்திரையைப் பெயர்த்துவிடக்கூடும். கண் நீர் அழுத்த நோயும், இளவயதிலேயே கண்புரையும் இத்தகைய கண்களுக்குச் சற்று மிகுதியாகவே வருகின்றன. லேசர் சிகிச்சையால் கண்ணாடியைத் துறந்தவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். அச்சிகிச்சை விழியின் முன்புறத்தைத்தான் சீர்செய்கிறது. பின்புறம் முன்போலவே இருக்கிறது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். திருச்சியில் இருந்தவரை ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்துக்கொண்டேன். டில்லிக்கு மாற்றலாகி வந்தபின், "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டேன். ஊருக்குப் போனாலோ ஒரு கலியாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல். அதற்குள் திரும்பும் ரயிலின் நாள் வந்துவிடும். கண்ணாடி நன்றாகத்தானே தெரிகிறது என்ற தைரியம் வேறு. இப்படியே ஐந்து ஆண்டுகள் கழிந்தன.

ஒரு மார்கழி மாலை. வானத்தில் மேகமில்லை, என் வலக்கண்ணின் ஓரத்தில் மட்டும் மின்னல் வெட்டியது. இரவில் கரித்தூளைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் மிதந்தன. வலி சிறிதும் இல்லை. "பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோமே, அங்கே காட்டிக்கொள்கிறேன்" என்றேன். "கண் உங்களுக்காகப் பொங்கல்வரை காத்திருக்குமா?" என்று கேட்டாள் என் மனைவி. அந்தக் கேள்விதான் என் கண்ணைக் காத்தது.

மறுநாள் காலையில் மருத்துவர் பார்த்துவிட்டு, "பர்தாவில் ஓட்டை" என்றார் இந்தியில். பர்தா என்றால் சன்னலில் தொங்கும் திரை என்றே அறிந்திருந்த நான் திகைத்தேன். விழித்திரையைத்தான் அவர்கள் அப்பெயரால் வழங்குகிறார்கள். நம் மொழியிலும் அது திரைதானே! கிழிசலைச் சுற்றி லேசர் ஒளியால் சில நிமிடங்களில் அடைத்தார்கள்; அன்றே வீடு திரும்பினேன். விழித்திரை பெயர்ந்திருந்தால் பெரிய அறுவை சிகிச்சையே வழி. அதன் நடுப்பகுதியும் பெயர்ந்துவிட்டால், போன பார்வை முழுவதும் மீளாமலும் போகலாம். கிழிசலை அடைத்தால் பார்வையை மீட்கலாம் என்று சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஜூல்ஸ் கோனின் 1920-களில் நிலைநாட்டுவதற்கு முன்னர், இந்நோய்க்குப் பரிகாரமே இருந்ததில்லை.

ஆகவே, எழுத்துப் பலகையைப் படித்துப் புதிய எண்ணை வாங்கி வருவதோடு சோதனை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. கண் அழுத்தத்தை அளக்க வேண்டும். சொட்டுமருந்திட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையை ஓரம்வரை பார்க்க வேண்டும். கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்துகொள்வது நலம். மருந்திட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். எனவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

ஊர்விட்டு ஊர் மாறும் நமக்கு இன்னும் இரண்டு சொல்வேன். பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் சோதனை அறிக்கைகளையும் ரேஷன் அட்டையைப் போலப் பத்திரமாக உடன் கொண்டு செல்லுங்கள். புதிய ஊரின் மருத்துவருக்கு அவையே உங்கள் கண்ணின் வரலாறு. பிள்ளைகளின் கண்களையும் சோதித்து வாருங்கள். இக்குறை பெற்றோரிடமிருந்து தொடரக்கூடியது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றுவது குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மாடிக்குடியிருப்பில் அடைந்து கிடக்கும் குழந்தையைப் பூங்காவுக்கு அனுப்புங்கள்.

திடீரென மின்னல் தோன்றினாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, பார்வையின் ஒரு பக்கத்தில் நிழல் திரைபோலப் படர்ந்தாலோ, அன்றைக்கே அருகிலுள்ள கண் மருத்துவரிடம் செல்லுங்கள். மொழி தடைப்பட்டால் "பர்தா" என்ற ஒரு சொல் போதும். ஊர் நமக்காகக் காத்திருக்கும், கண் காத்திராது.