புதுக் காருக்குச் செலவில்லாத் திருத்தங்கள்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்தது. நெடுநாட் சேமிப்பைக் கொட்டிப் புதுக் கார் வாங்கியோருக்கு, காசு அதிகம் வேண்டாத சில திருத்தங்களைச் சொல்ல வந்தேன்.

நமது மட்டக்களப்பில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். கல்லடிக் காற்றில் வரும் உப்பே காரின் முதற் பகைவன். கதவின் அடிவிளிம்பில் நீர் வடியச் சிறு துவாரங்கள் உண்டு. மணல் அடைத்தால் நீர் தங்கித் துருப் பிடிக்கும். ஓர் ஈர்க்கினால் அவற்றைத் துப்புரவாக்குங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் கழுவுங்கள். ஆசனங்களின் பொலித்தீன் உறையைக் கழற்றிவிடுங்கள். அது ஈரத்தை அடைத்து வைக்கும். பற்றரி முனைகளிற் சிறிது கிறீஸ் பூசுங்கள்.

இனி முக்கியமானது. மாமாங்கேஸ்வரர் சந்நிதியிற் பூசை செய்து, பிள்ளையார் உருவத்தைக் காரின் முன்தட்டில் ஒட்டுகிறோம். சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தின் முன்னே, அத்தட்டினுள் காற்றுப் பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கார் பலமாக மோதினால், ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் அது விரியும். மேலே ஒட்டிய உருவம் எதிரே இருப்பவரின் முகத்திற் பாயும். அங்கே இருப்பவர் பெரும்பாலும் நம் தாயார் அல்லவா? விக்கினம் தீர்ப்பவரை நாமே விக்கினமாக்கலாமா?

அம்மூடியை விலக்கி, பார்வையை மறைக்காத இடத்தில் ஒரு சிறு படமாக அவரை எழுந்தருளச் செய்யுங்கள். கண்ணாடியில் தொங்கும் மாலையையும் பூசை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பக்தி குறைந்ததென்று பெரியோர் வருந்த வேண்டாம். உயிரைக் காப்பதும் வழிபாடே.