பழைய இதழ்களும் காரைக்கால் துறைமுக வரலாறும்

(சுரக்குடியில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுக் காலமாகக் கவிதையையே உயிர்மூச்சாகக் கொண்டு இயங்கிவரும் இவ்வவையில், பழைய செய்தித்தாள்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கவிதைக்கும் எடைக்குப் போடும் தாளுக்கும் என்ன உறவு என்று ஐயுறுவோர் இங்கிருக்கக்கூடும். அவர்களுக்கு விடை சொல்லும் முன் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். காரைக்காலைப் பற்றி நம்மவர் எழுதியுள்ள வரலாற்று நூல்களைப் புரட்டிப் பாருங்கள். அம்மையாரில் தொடங்குவர். அங்கிருந்து, பிரெஞ்சுக்காரர் காலூன்றிய 1739ஆம் ஆண்டுக்குத் தாவுவர். மறுபடியும் ஒரு தாவலில் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு வந்து, விடுதலைக் கொடியேற்றி முடித்துவிடுவர். இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் இந்தத் துறையில் எவர் இறங்கினர், எவர் ஏறினர், நெல் என்ன விலைக்கு விற்றது, புயலில் எத்தனை தோணிகள் உடைந்தன என்பனவற்றை எந்தத் தலபுராணம் சொல்லும்? எந்தக் கல்வெட்டு சொல்லும்? இவற்றை அன்றன்று எழுதி, அன்றன்றே மறந்துபோனவை இதழ்கள்தாம்.

இதழ் பிறக்கும் முன்பே இதழின் வேலையைச் செய்தவர் ஒருவர் நமக்குண்டு. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையையே குறிப்பிடுகிறேன். கப்பல் வந்த நாழிகை, சரக்கின் தரம், துரைமார் பேச்சு, ஊர் வதந்தி ஆகிய எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில் பதிந்து வைத்தார். அவருக்குப் பின் நூறாண்டு கழித்து அந்த வேலையைப் பிரெஞ்சிந்திய அரசின் அதிகாரபூர்வ இதழ்கள் மேற்கொண்டன. அரசிதழ் என்றதும் ஆணைகளும் சட்டங்களுமே இருக்கும் என்று எண்ணி ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். ஆயின், சாராயக் குத்தகை ஏலம், நிலவரி, நியமனம், கப்பல் வரவு என ஊரின் அன்றாட வாழ்வே அதில் அடுக்கப்பட்டிருக்கிறது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் தமக்கெனக் குடும்பப் பெயர் ஒன்றைப் பூண்டனர். அப்பெயர்களும் அரசிதழில் ஏறின. சாதிப் பட்டத்தைக் கைவிட்டு ஒருவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயரின் பட்டியலைவிடச் சுவையான இலக்கியம் வேறெது?

காரைக்கால் ஆய்வாளருக்கு இன்னொரு பேறும் உண்டு. 1881 சூலை 29ஆம் நாளின் பிரெஞ்சு நாட்டு அச்சுரிமைச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் உரியதாக இருந்தது. ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் வாய்ப்பூட்டு இறுகிய காலத்தில் பிரெஞ்சு எல்லைக்குள் ஓரளவேனும் மூச்சுவிட முடிந்தது. பாரதியாரின் 'இந்தியா' 1908இல் புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்ததும், எல்லைக்கு அப்பால் நுழையத் தடை விதிக்கப்பட்டதால் 1910இல் நின்றுபோனதும் நாமறிந்தவை. அதே மண்ணில்தான் வ. சுப்பையாவின் 'சுதந்திரம்' 1934இல் தோன்றியது. அரசிதழ் சொல்லாத தொழிலாளர் குரலை இத்தகைய இதழ்களில்தான் தேட வேண்டும்.

நம் காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் தேனியர், தெற்கே நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தர், 1781க்குப் பின் ஆங்கிலேயர். ஒரே கடற்கரையில், கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க இடைவெளியில், மூன்று கொடிகள் பறந்த பகுதி இது. ஆகவே காரைக்காலின் செய்தியைக் காரைக்காலில் மட்டும் தேடுவது பேதைமை. நாகையில் 'நீலலோசனி' என்றோர் இதழ் நடந்தது. நீலாயதாட்சி அம்மனின் ஊருக்கு எத்துணைப் பொருத்தமான பெயர்! மறைமலையடிகள் வேதாசலமாக இருந்த இளம் பருவத்தில் 'முருகவேள்' என்னும் புனைபெயரில் எழுதியது அதில்தான். சைவ வாதத்துக்காக அவ்விதழைப் புரட்டுவோர் பலர். நானோ அத்தகைய இதழ்களில் வாதத்துக்கு அடுத்த பத்தியைப் படிக்கச் சொல்வேன். இன்ன கப்பல் இன்ன நாளில் புறப்படும் என்னும் விளம்பரம் அங்கேதான் கிடைக்கும்.

நீலலோசனி போன்ற சிற்றூர் இதழ்களின் முழுத் தொகுதி கிடைப்பது அரிது. அப்போது கைகொடுப்பது, வியப்பாக இருக்கும், ஆங்கில அரசின் ஒற்றுக் கோப்பு! சென்னை மாகாண அரசு நாட்டுமொழி இதழ்களையெல்லாம் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு படிக்கச் செய்து, சாரத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டு அதிகாரிகளுக்குள் மறைவாகச் சுற்றுக்கு விட்டது. மூலம் கரையானுக்கு இரையானபோதும் பகைவன் எடுத்த குறிப்பு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உயிரோடிருக்கிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை. அம்மொழிபெயர்ப்பாளர் தேடியது அரசுக்கு எதிரான முணுமுணுப்பை மட்டுமே. கவிதையை விட்டார், விளம்பரத்தை விட்டார், திருவிழாவை விட்டார். அக்கோப்பை மட்டும் நம்பி வரலாறு எழுதினால் ஊர் முழுவதும் குறை சொல்லிக்கொண்டே வாழ்ந்தது போலத் தோன்றும்.

துறைமுக ஊருக்கு இரண்டு கரைகள் உண்டு. இக்கரையில் தொலைந்தது அக்கரையில் கிடைக்கும். நாகூர்ப் புலவர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' நடத்தினார். சிங்கப்பூரில் 1887இல் தொடங்கி 1890 வரை 'சிங்கைநேசன்' வெளிவந்தது. அதன் ஆசிரியர் மகுதூம் சாயபு. 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி நம் அண்டை ஊரான திருவாரூர்ப் பிள்ளை. இவற்றுள் சிலவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்வடிவாக்கியுள்ளது. பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதி இதழ்கள் பலவற்றைப் பிரான்சுத் தேசிய நூலகத்தின் 'கல்லிகா' மின்னூலகம் தருகிறது. எக்ஸ்-ஆன்-புரொவான்சு நகரத்துக் குடியேற்ற ஆவணக் காப்பகத்துக்குப் பயணச்சீட்டு வாங்க இயலாத நம் போன்றோர்க்கு இது சிறிய வரமன்று. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பல் சென்னையிலும் நாகையிலும் ஆளேற்றிப் பினாங்கு, சிங்கப்பூர் சென்று வந்தது. 1973 வரை ஓடியது. நம் வட்டாரத்தில் அக்கப்பலின் பெயர் தெரியாத முதியவர் இருக்கமாட்டார். அக்கரை இதழ்களின் கப்பற் பத்தியோடு அம்முதியவரின் நினைவை ஒப்பிட்டுப் பார்ப்பது தனி ஆய்வாகும்.

இனி, என் நெஞ்சை விட்டு அகலாத பகுதிக்கு வருகிறேன்.

1853 மே 6ஆம் நாள் 'ஒரேலி' என்னும் கப்பல் மார்த்தினிக்குத் தீவின் சேன்பியேர்த் துறையை அடைந்தது. அத்தீவுக்கு முதன்முதலாக இந்தியத் தொழிலாளரை ஏற்றிச் சென்றது அது. அடுத்த ஆண்டு, 1854 டிசம்பர் 24இல் அதே பெயருடைய கப்பல் குவாதலூப்புக்கும் ஆள் கொண்டு சேர்த்தது. அடிமை முறையைப் பிரான்சு 1848இல் ஒழித்திருந்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கை வேண்டியிருந்தது. பின்வந்த ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் போயினர். ரெயூனியன் தீவுக்குப் போனோர் வேறு. அவர்களை ஏற்றிய துறைகளுள் நம் காரைக்காலும் ஒன்று. ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் எல்லை தாண்டித் தஞ்சைச் சீமையின் சிற்றூர்களில் வலை விரித்தனர். புகார்கள் பெருகவே 1860, 1861ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். கண்காணிப்புக்கென ஆங்கிலப் பேராள் ஒருவர் காரைக்காலில் அமர்த்தப்பட்டார். அதன் பின்னும் கொடுமை தீராமையால் ரெயூனியனுக்கு 1882இலும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு 1888இலும் ஆளேற்றம் நிறுத்தப்பட்டது.

அன்றைய இதழ்கள் இவர்களை எப்படி எழுதின? கப்பற் பத்தியில் அரிசி இவ்வளவு, துணி இவ்வளவு என்பதற்கு அடுத்த வரியில் கூலிகள் இத்தனை பேர் என்று எழுதின. பெண்கள் இவ்வளவு விகிதம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் வரையறுத்ததனால் பெண்களுக்கும் ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. மாமியார் வீட்டை விட்டுப் போனவளா, பஞ்சத்தில் பிழைக்கப் போனவளா, குழந்தையோடு ஏறினாளா என்பது அந்த வரியில் இல்லை. பெண்ணாகப் பிறந்து இத்துறையில் ஆய்வு செய்ய முற்படுகிறவள் அந்த ஓர் எண்ணைக் கடந்து போக முடியாது.

இன்னொரு முரணையும் காணுங்கள். 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரீசு மக்களவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தனுப்பியது. காரைக்காலில் இருந்தவன் வாக்களித்தான். அதே துறையில் கப்பலேறியவனின் பிள்ளையோ, உன் தந்தை ஆங்கில அரசின் குடி என்று சொல்லப்பட்டு வாக்கின்றி நின்றான். குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904இல் தொடுத்த போராட்டம் 1923இல்தான் வென்றது. சுரக்குடியைச் சுற்றி ஓடும் எல்லைக்கோட்டுக்கு இப்புறம் பிறந்தானா, அப்புறம் பிறந்தானா என்பது ஏறத்தாழப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவன் உரிமையைத் தீர்மானித்திருக்கிறது! அத்தீவுகளில் முத்துசாமி 'மூத்துசாமி'யாகவும் வீரப்பன் 'விராபெ'னாகவும் எழுதப்பட்டு இன்றும் வாழ்கின்றனர். மூதாதையின் ஊரைத் தேடி அவர்களுள் சிலர் இங்கு வருகின்றனர். கையில் ஒரு கப்பற் பெயரும் ஓர் ஆண்டும் மட்டுமே வைத்திருப்பார்கள். அவர்களுக்கு நாம் எதைக் காட்டப் போகிறோம்?

பீசித் தீவில் துன்புற்ற பெண்களுக்காகப் பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' பாடினார். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அரசலாற்று முகத்துவாரத்திலிருந்து படகேறிக் கப்பலுக்குப் போனவர்க்கு நம்மிடையே அதற்கு நிகரான பாட்டு ஒன்றில்லை. கவிஞர்கள் அமர்ந்திருக்கும் அவையில் இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு செய்ய விழைவோர்க்குச் சில கைம்முறைகள். நாள் குறிப்பதில் விழிப்பு வேண்டும். கிழிந்த தாளில் 'விரோதி வருடம் ஐப்பசி மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபதாண்டுச் சுழற்சியில் விரோதி 1889இலும் வரும், 1949இலும் வரும். செய்தியைக் கொண்டு துணிய முடியாவிடில் விளம்பரத்தைப் பாருங்கள். 'ரஜுலா' என்றிருந்தால் அது 1889 ஆகாது. பெயர் எழுதும் முறையும் நம்மை ஏய்க்கும். பிரெஞ்சிதழிலும் ஆங்கில இதழிலும் நம் ஊர் 'காரிக்கால்'. அதையும் 'கே' எழுத்தில் ஒருவர் தொடங்குவார், 'சி' எழுத்தில் மற்றொருவர் தொடங்குவார். நாகையோ 'நெகபட்டம்'. மின்தேடலில் ஒரு வடிவத்தை மட்டும் இட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுந்துவிடக்கூடாது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா முதலிய எழுத்துகளைக் கணினி பெரும்பாலும் பிழையாகவே படிக்கிறது. அங்கே பக்கம் பக்கமாகக் கண்ணால் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அலுப்பான வேலைதான். ஆனால் தேடாத பொருள் கிட்டுவது அவ்வாறு படிக்கும்போதுதான்.

இப்படிப் படித்துப் பயன்கொண்டமைக்குத் தூத்துக்குடி நல்ல சான்று. 1906இல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் அரசுக் கோப்போடு 'சுதேசமித்திரன்', 'இந்தியா' முதலிய இதழ்களையும் துருவி எழுதியிருக்கிறார். வ.உ.சி. என்னும் தனியொரு வீரரோடு, பங்கு வாங்கியவர், சரக்கேற்றியவர், வேலைநிறுத்தம் செய்தவர் எனத் துறைமுகமே எழுந்து நிற்கிறது. காரைக்காலுக்கு அத்தகைய நூல் எழுதப்பட வேண்டும்.

அதற்கு நம் கைக்கெட்டிய வேலை ஒன்றுண்டு. பெரிய நாளிதழ்களின் வட்டாரப் பக்கங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுபடுவன. சென்னை நூலகம் சென்னைப் பதிப்பைத்தான் கட்டி வைக்கும். காரைக்கால், நாகைச் செய்திகள் அதில் இராது. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நம் மீனவர் குடியிருப்புகளை அழித்த பின் வந்த நாள்களின் உள்ளூர்ப் பக்கங்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன? இருப்பவை இப்போதே பழுப்பேறி, மடிப்பில் ஒடியத் தொடங்கியிருக்கும். உப்புக்காற்று தாளுக்குப் பகை. அவற்றை மடிப்பு நீக்கி, தட்டையாக, தரையில் படாமல் வையுங்கள். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், பசை தாளைத் தின்றுவிடும். ஒளிப்படம் எடுக்கையில் செய்தியை மட்டும் வெட்டாமல், நாளும் இதழின் பெயரும் தெரியும்படி முழுப்பக்கத்தையும் எடுங்கள். அத்தகைய கட்டு எவர் வீட்டிலேனும் இருப்பின், விழா முடிவில் வட்டத்தின் செயலாளரிடம் இதழின் பெயரையும் ஆண்டையும் எழுதித் தருமாறு வேண்டுகிறேன். பட்டியலிடும் பணியை என் மாணவியரும் நானும் ஏற்கிறோம்.