வாகனத்திலும் அந்தரங்கம் அமானிதமே

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



பிறர் வீட்டினுள் அனுமதி பெறாமல் நுழையலாகாது என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. பிறரைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கின்றது. இவ்வொழுக்கம் சுவரும் கதவும் உள்ள வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மனைவி மக்களுடன் நாம் பயணம் செய்யும் காரும் ஒரு சிறு இல்லமே!

இன்றைய கார்கள் பலவற்றில் தயாரிப்பு நிறுவனமே சிம் ஒன்றைப் பொருத்தி அனுப்புகின்றது. நம் கைப்பேசி அணைந்திருந்தாலும் அது தானாகவே இணையத்துடன் தொடர்புகொள்ளும். சென்ற இடம், சென்ற வேகம், பிரேக் அழுத்திய விதம் அனைத்தும் அதன் வழியே வெளியேற முடியும்.

இது வெறும் ஐயமன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் கார் ஓட்டும் விவரங்களைத் தகவல் நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்தது 2024 மார்ச்சில் நாளேட்டுச் செய்தியால் அம்பலமாயிற்று. அவ்விவரங்கள் காப்பீட்டு நிறுவனங்களைச் சென்றடைந்தன; சிலருடைய காப்பீட்டுக் கட்டணமும் உயர்ந்தது. சில கார்களின் இருப்பிடம் 3 விநாடிக்கு ஒருமுறை பதிவானதாக அந்நாட்டின் வணிக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது. அத்தகவல்களை இத்தகைய நிறுவனங்களுக்கு 5 ஆண்டுகள் வழங்கக் கூடாது என்ற உத்தரவையும் அது முன்வைத்தது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் விவரங்கள் போதிய பாதுகாப்பின்றி இணையத்தில் கிடந்தது 2024 டிசம்பரில் தெரியவந்தது.

சகோதரர்களே! இதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன? காரின் திரையிலும் அதற்குரிய செயலியிலும் தகவல் பகிர்வு அமைப்பைத் தேடி, தேவையற்றதை நிறுத்துங்கள். அங்கு வழியில்லையெனில், இணைய இணைப்பையே துண்டிக்குமாறு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். சிலர் அக்கருவியின் ஃபியூஸைக் கழற்றிவிடுகின்றனர். அவசரப்பட்டு அவ்வாறு செய்யாதீர்கள். விபத்து நேரத்தில் உதவிக்கு அழைக்கும் வசதியும் அதனோடு சேர்ந்து நின்றுபோகலாம். உயிரைக் காப்பது மார்க்கத்தில் முதன்மையான கடமையல்லவா? எது நிற்கும், எது நிற்காது என்பதை அறிந்த பின்னரே முடிவெடுங்கள்.

காரை விற்கும்போது, அதில் பதிந்துள்ள தொலைபேசி எண்களையும் முகவரிகளையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். அவை உங்களுடையவை மட்டுமல்ல. உங்களை நம்பிய உறவினர், நண்பர்களின் அமானிதம். பழைய காரை வாங்குவோர், முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையெனில் உங்கள் கார் நிற்கும் இடத்தை அவர் தம் கைப்பேசியிலேயே காண இயலும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிறுவனம் நம்மை வேவு பார்த்தால் கொதிக்கின்றோம். அதே செயலியைக் கொண்டு மனைவி எங்கே சென்றாள் என்று அவளறியாமல் கணவன் பார்த்தால் அதற்கு என்ன பெயர்? பிரிந்து வாழும் பெண்களைக் கார் வழியே பின்தொடரும் கொடுமையைத் தடுக்கக் கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் தனிச் சட்டமே இயற்றியது. சட்டம் வருவதற்கு முன்னரே துருவி ஆராயாதீர் என்ற கட்டளையைப் பெற்ற சமுதாயம் நாம். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பார்க்க நேர்ந்தாலும், அதை அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒளிந்து பார்க்கும் வீட்டில் நம்பிக்கை வளராது.

பிறர் அந்தரங்கத்தைக் காத்து, நம் அந்தரங்கமும் காக்கப்படும் நன்மக்களாக வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.