பாடும் பாடுகளும்: ஏரிக்கரையில் மதச் சுதந்திரம்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு)



பழவேற்காட்டில் 'பாடு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஏரியில் இறங்கினால் பாடு என்பது மீன்பிடி உரிமை. எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. கரையேறிக் கோயிலுக்குப் போனால் பாடுகள் என்பது இயேசு சிலுவையில் பட்ட துன்பம். இந்த இரண்டுக்கும் நடுவில் தலித் கிறிஸ்தவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஏரி. பாடு முறையை ஆய்வாளர்கள் பாராட்டியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வலை வீசி மீன்வளத்தை அழித்துவிடாமல் அது காக்கிறது, சண்டையைக் குறைக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் பாட்டுக்குள் நுழையத் தகுதி என்ன? பாடு உள்ள ஊரில், பட்டினவர் குடும்பத்தில், ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். இதே ஏரியை நம்பி வாழும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை. இருளர்கள் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இறால் ஏற்றுமதியாகி விலை ஏறிய பிறகு தலித்துகளும் வலையோடு இறங்கினார்கள். தகராறும் கூடவே வந்தது.

அடுத்தது சட்டம். இந்தக் கரையில் ஒரு பட்டினவர், ஒரு இருளர், ஒரு ஆதிதிராவிடர் மூவரும் ஒரே நாளில், ஒரே குருவானவரிடம் ஞானஸ்நானம் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் தாலுகா அலுவலகத்தில் என்ன நடக்கும்? பட்டினவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே நீடிப்பார். அந்தப் பட்டியல் கிறிஸ்தவத்துக்கு மாறிய மீனவரையும் சேர்த்தே சொல்கிறது. இருளர் பழங்குடியினராகவே இருப்பார். பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. ஆதிதிராவிடர் மட்டும் பட்டியல் சாதி என்ற தகுதியை இழந்து, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார். தண்ணீர் ஒன்று, மந்திரம் ஒன்று. விலை மட்டும் ஒருவருக்கு.

இந்த விலையை நிர்ணயித்தது 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியர் ஆக முடியாது என்றது அது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அண்ணல் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அந்த பௌத்தர்களுக்கு இந்தத் தகுதி கிடைத்தது 1990இல். 34 ஆண்டுகள்! அண்ணலைப் பின்பற்றியதற்கே தண்டனை கொடுத்த ஆணை இது. எனவே இதைச் சர்ச்சுக்காரர்களின் பிரச்சினை என்று அம்பேத்கரியர்கள் ஒதுங்க முடியாது.

இழப்பு கல்வி, வேலையோடு நிற்பதில்லை. பொன்னேரி சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி; திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் தனி. தலித் கிறிஸ்தவர் இங்கே வாக்களிக்கலாம், வேட்பாளராக முடியாது. சாதியைச் சொல்லி அவரை அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

இதனால்தான் நம் மக்களில் பலர் வீட்டில் ஒரு பெயரும் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழ்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றதும் தேவாலயத்துக்குத் தவறாமல் போய்வந்ததும் அவருக்கு எதிரான சாட்சியமாயின. நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மதம் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். நம்பிக்கையை மறைக்கும்படி ஒருவரைத் தள்ளிய சட்டம் எது என்பதையும் நாம் கேட்க வேண்டும். 25ஆவது பிரிவு தரும் உரிமை, ஒளித்துவைத்து அனுபவிப்பதற்கானதல்ல.

2002இல் தமிழ்நாடு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பெண்கள், சிறுவர்கள், பட்டியல் சாதியர், பழங்குடியினர் ஆகியோரை மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. வளர்ந்த தலித் ஆணையும் பெண்ணையும் தாமாக முடிவெடுக்கத் தெரியாத சிறுவர்களோடு நிறுத்திய சட்டம் அது. 2004இல் திரும்பப் பெறப்பட்டது. வேறு பல மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டங்கள் இன்றும் இருக்கின்றன.

சென்னையில் செருப்புத் தைத்த சூசை, கிறிஸ்தவர் என்பதால் அரசின் கடைப்பெட்டி மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தோற்றார். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. மத்திய அரசு ஏற்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்து, கெடுவை நீட்டித்துக்கொண்டே போனது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நமக்காகத் தீர்மானம் போட்டது.

சூசையிடம் கேட்ட ஆதாரம் எங்கே இருக்கிறது? திருச்சபைக்குள்ளேயே இருக்கிறது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து வன்முறை வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2016இல் இந்திய ஆயர் பேரவையே தன் தலித் கொள்கை ஆவணத்தில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 அன்று கருப்பு நாள் அனுசரிக்கும் மறைமாவட்டங்கள், மற்ற நாட்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பங்குப் பேரவையில் யார்? குருமடத்தில் யார்? பள்ளி நியமனங்களில் யார்? கல்லறையில் சுவர் ஏன்?

இப்படிக் கேட்டால் மதவெறியர்களுக்கு ஆயுதம் கொடுக்கிறோம் என்று சில குருக்கள் வருந்துகிறார்கள். அவர்கள் கையிலுள்ள ஆயுதமே நாம் மறைத்துவைத்த இந்த உண்மைதான். திறந்து பேசினால்தான் அது மழுங்கும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. உங்கள் பங்கிலிருந்து தொடங்குங்கள். பேரவை, கல்லறை, திருவிழா, பள்ளி வேலை ஒவ்வொன்றிலும் சாதி எப்படி நிற்கிறது என்று கணக்கெடுங்கள். மூன்றாவது பத்தியை நீக்கக் கேட்கும்போது அந்தக் கணக்கு ஆதாரமாகும். ஆயரிடம் பேசும்போதும் ஆதாரமாகும். ஏரிக்கரைத் தோழர்கள், பாடு பற்றி ஊர்ப் பஞ்சாயத்துகளோடு பேச இருளர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.