இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்க காலம்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே கிளிவெட்டி முதலிய உழவர் ஊர்கள் உள்ளன. வடக்கே திருகோணமலைத் துறைமுகம் விரிந்து கிடக்கின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் அத்துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அதற்கு நான்கு நாள்களுக்கு முன் கொழும்பு தாக்கப்பட்டது. இவ்விரு தாக்குதல்களுக்கும் இடையே, 7ஆம் நாள், கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து பிலிப் குணவர்தனா, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய தலைவர்கள் தப்பிச் சென்றனர். போரை எதிர்த்தமைக்காகச் சிறை வைக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பழைய தோழர்கள் சிலரோ அவ்வேளையில் அதே போரை ஆதரித்து நின்றனர். ஒரே கட்சியில் இருந்தோர் இவ்வாறு பிரிந்தது ஏன்? இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியின் பிறப்பு வரலாறே இதற்கு விடையாகும்.

1935ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அதற்குச் சற்று முன்னர் நாட்டை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயின்போது நிவாரணப் பணி புரிந்த இளைஞர் பலர் அதில் சேர்ந்தனர். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவர்களுள் ஒருவர். பின்னர் உலகெங்கும் எழுந்த ஸ்டாலின், டிராட்ஸ்கி பூசல் இங்கும் புகுந்தது. மூன்றாம் அகிலத்தில் நம்பிக்கையில்லை எனக் கட்சித் தலைமை தீர்மானித்தது. அதனை எதிர்த்த விக்கிரமசிங்க, பீட்டர் கெனமன், எம். ஜி. மென்டிஸ், அ. வைத்திலிங்கம் முதலியோர் 1940இல் விலக்கப்பட்டனர். அவர்கள் அவ்வாண்டு நவம்பரில் ஐக்கிய சோசலிசக் கட்சியை அமைத்தனர்.

1941 ஜூன் 22ஆம் நாள் ஜெர்மனி சோவியத் நாட்டின்மீது படையெடுத்தது. அதுவரை ஏகாதிபத்தியப் போர் எனப்பட்டது, அவர்களுக்கு அன்று முதல் மக்கள் போராயிற்று. 1943 ஜூலை 3ஆம் நாள் அவர்களே இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவினர்.

இக்கட்சியின் தொடக்கத்தில் தமிழர் பங்கு சிறிதன்று. கேம்பிரிட்ஜில் கற்ற வைத்திலிங்கம், பொன். கந்தையா, பல்கலைக்கழகத்திலிருந்து நேரே கட்சிப் பணிக்கு வந்த நா. சண்முகதாசன், யாழ்ப்பாண இந்துக் கல்லூரி ஆசிரியர் மு. கார்த்திகேசன் ஆகியோர் குறிப்பிடத் தக்கவர்கள். சிங்களவரும் தமிழரும் பறங்கியரும் சமமாக அமர்ந்த அவையில், 1944ஆம் ஆண்டு ஓர் அரிய கருத்து ஏற்கப்பட்டது. சிங்களவரும் தமிழரும் இரு தேசிய இனங்கள். இரு சாராருக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்பதே அது. தமிழரசுக் கட்சி தோன்றியது 1949ஆம் ஆண்டின் இறுதியில் என்பதை நினைத்தால், இதன் முன்னோக்கு விளங்கும்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, பருத்தித்துறையின் உறுப்பினர் கந்தையாவுடன் கட்சியின் சிங்கள, பறங்கிய உறுப்பினர்களும் அதனை எதிர்த்தனர். ஆயினும் அவ்வுறுதி நிலைக்கவில்லை. மாஸ்கோ, பீக்கிங் பூசலால் 1964இல் கட்சி பிளவுண்டது. 1966 ஜனவரியில் தமிழ்மொழிப் பயன்பாட்டு ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டபோது, மாஸ்கோ சார்புக் கட்சி எதிர்த்தோர் அணியில் நின்றது.

தொலைவிலுள்ள நாடுகளின் பூசலுக்காக இருமுறை பிரிந்த இயக்கம், தன் வீட்டின் அருகிலிருந்த நியாயத்தை முதலில் கண்டு, பின்னர் கைவிட்டது. வாக்குப் பெறும் ஆசை கொள்கையை வென்றதே அதன் காரணம். எனினும், 1944இல் கண்ட அவ்வுண்மை பொய்யாகிவிடவில்லை. இனங்கள் சமமாக அமர்ந்து பேசினால் நியாயம் புலப்படும் என்பதற்கு அத்தொடக்க காலம் சான்றாக நிற்கின்றது.