சுவருக்குள் ஓடும் நீர்

கோல்கொண்டாக் கோட்டையைக் காணச் செல்லும் நம்மவர் பலர், கீழ்வாயிலில் தட்டும் கைத்தட்டல் மலையுச்சியில் கேட்கும் விந்தையைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். அக்கோட்டையின் சுவர்களுக்குள் புதைக்கப்பெற்றுள்ள சுடுமண் குழாய்களை நின்று நோக்குவோர் சிலரே. நீரிறைக்கும் சக்கரங்களால் படிப்படியாக மேலேற்றப்பட்ட நீர் அக்குழாய்களின் வழியே மாளிகைகளுக்குச் சென்றது. குழாயைச் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டும் வழக்கம் இந்த ஹைதராபாத் வட்டாரத்துக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம். ஆனால் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட குழாய் குடிநீரைக் கொண்டுசெல்வதன்று; வெப்பத்தைக் கொண்டுசெல்வது.

நகருக்குக் கிழக்கே, வாரங்கல் செல்லும் நெடுஞ்சாலையில், போச்சாரம் என்னும் இடத்தில் இன்போசிஸ் நிறுவனத்தின் வளாகம் ஒன்று உண்டு. கணிப்பொறித் தொழிலை நாடித் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் இளைஞர்களுக்கு அது பழகிய பெயரே. அங்கே 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய கட்டடம் ஒன்று, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் சதுர அடி பரப்புள்ளது. அதனை ஒன்றையொன்று ஒத்த இரு பாதிகளாகக் கட்டினர். ஒரு பாதிக்கு வழக்கமான முறையில், குளிர்ந்த காற்றை ஊதிக் குளிர்விக்கும் பொறிகளை அமைத்தனர்; அவையும் சிக்கனமான உயர்தரப் பொறிகளே. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே மெல்லிய குழாய்களைப் பதித்து, அவற்றில் குளிர்ந்த நீரை ஓடவிட்டனர். ஒரே வெயில், ஒரே வகை வேலை, ஒரே வகைச் சன்னல். இரண்டு ஆண்டுகள் அளந்து பார்த்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, குழாய் பதித்த பாதி குளிரூட்டலுக்கு 34 விழுக்காடு குறைவான மின்சாரத்தையே செலவிட்டது. கட்டும் செலவும் கூடவில்லை. புதுமை என்று சொல்லப்படுவனவற்றை எடைபோட இதைவிட நேர்மையான தராசு கிடைப்பது அரிது.

இவ்வளவு ஆதாயம் எங்கிருந்து வந்தது? கோடையில் பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடித் தளத்தின் கீழே இரவில் படுத்தவர் அறிவர். மின்விசிறி சுழன்றுகொண்டே இருக்கும், உடலோ எரியும். தளத்தின் வெப்பம் காற்றின் தயவின்றி, கதிராகவே நம்மீது இறங்குகிறது. இதனைத் திருப்பிப் போட்டால், தளம் குளிர்ந்திருக்குமாயின் நம் உடலின் வெப்பம் கதிராகத் தளத்தை நோக்கி ஏறிச் செல்லும். காற்றை அத்தனை குளிர்விக்க வேண்டியதில்லை. மேலும், ஒரு கன மீட்டர் நீர் ஒரு டிகிரி சூடேறுகையில் ஏற்கும் வெப்பம், அதே அளவு காற்று ஏற்பதைப் போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. பெரிய விசிறிகள் செய்யும் வேலையைச் சிறிய நீரேற்றும் பொறி செய்துவிடுகிறது.

தட்டையான தளத்தில் இவ்வளவு எளிதாக நிறைவேறிய காரியத்தை, வளைந்த சுரங்கச் சுவரில் செய்தால் என்ன? ஹைதராபாத் மெட்ரோ ரயிலின் முதற்கட்டத் தடம் முழுவதும் தூண்களின் மேலேயே செல்வது. ஆதலின் சுரங்கத்தை இங்கே தேடிப் பயனில்லை. சென்னையிலோ 2017ஆம் ஆண்டு மே மாதம் முதல் நிலத்துக்கடியில் ரயில் ஓடுகிறது. அச்சுரங்கங்கள் வளைந்த கான்கிரீட் துண்டுகளை வட்டமாக அடுக்கிப் பூட்டிய வளையங்களால் ஆனவை. கிணற்றுக்கு உறை இறக்குவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த உறையைப் படுக்க வைத்து, ஒவ்வொன்றையும் பல துண்டுகளாக வெட்டிச் சேர்த்ததாக எண்ணிக்கொண்டால் போதும். துண்டை வார்க்கும்போதே உள்ளே குழாயை வைத்துவிட்டால், ரயில்களின் நிறுத்துகருவிகளும் இயந்திரங்களும் மக்களின் உடல்களும் வெளிவிடும் வெப்பத்தை அச்சுவரே உறிஞ்சி நீருக்குக் கொடுத்துவிடும்.

ஐரோப்பாவில் இதனைச் செய்தும் பார்த்திருக்கின்றனர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபாசனென்ஹோஃப் சுரங்கத்தில் பத்துப் பத்து மீட்டராக இரண்டு பகுதிகளில் குழாய் பதித்துச் சோதித்தனர். ஆஸ்திரியாவில் ஜென்பாக் என்னும் ஊரில் ரயில் சுரங்கத்தின் 54 மீட்டர் நீளத்துக்கு இத்தகைய வளையங்களை அமைத்து, ஊராட்சிக் கட்டடம் ஒன்றுக்குக் குளிர்காலச் சூடு கொடுத்தனர். இத்தாலியின் டூரின் மெட்ரோவில் 2017இல் மாதிரி வளையங்களை நிறுத்தி அளவெடுத்தனர்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. வீட்டில் தண்ணீர்க் குழாய் சரியில்லை என்றால் சுவரைக் கொத்தி மாற்றிக்கொள்ளலாம். சுரங்க வளையம் நூறாண்டு நிற்கவேண்டியது. மண்ணின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது. வார்க்கும் முன் வைத்த குழாயே உண்டு. பின்னர் வைப்பதற்கு இடமில்லை. ஆகவே குழாய் எவ்வளவு பருமன், ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி, சுவரின் உள்முகத்திலிருந்து எத்தனை விரற்கடை ஆழம் என்பவற்றை எல்லாம் முதல் துண்டு வார்ப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அதற்குத்தான் ஒப்புருக் கணக்கு. இல்லாத சுரங்கத்தை இருப்பதாகக் கணிப்பொறிக்குள் அமைத்து, அதில் ஆண்டுக்கணக்காக ரயிலை ஓட்டி, நீரைப் பாய்ச்சி, வெப்பம் எவ்வாறு நடக்கிறது என்று மணிக்கு மணி பார்த்தலே அது.

கட்டடங்களின் வெப்பக் கணக்குக்கு உலகெங்கும் வழங்கும் எனர்ஜிபிளஸ் என்னும் செயல்நிரலை அமெரிக்க எரிசக்தித் துறை 2001இல் வெளியிட்டது. சுவரை அடுக்கடுக்காகச் சொல்லி, இன்ன அடுக்குக்குப் பின்னால் குழாய் ஓடுகிறது, குழாய்க்கும் குழாய்க்கும் இடைவெளி இவ்வளவு என்று கூறினால் அது கணித்துத் தரும். ஆனால் அதற்குத் தெரிந்த சுவர் யாவும் தட்டையானவை. வளைவு என்பதையே அது அறியாது.

வட்டத்தைப் பல நேர்ப்பக்கங்களாக வெட்டிக்கொள்வதே இதற்கு வழி. ஆர்க்கிமிடீஸ் 96 பக்கமுள்ள உருவத்தைக் கொண்டு வட்டத்தை அளந்தார். நமக்கு அத்தனை வேண்டாம். வட்டத்துக்குள் 12 பக்கமுள்ள உருவம் வரைந்தால், அதன் சுற்றளவு வட்டத்தினுடையதில் 98.9 விழுக்காடு, உட்பரப்பு 95.5 விழுக்காடு. 24 பக்கமாக்கினால் சுற்றளவு 99.7, உட்பரப்பு 98.9. எஞ்சிய சிறு குறையையும் ஆரத்தைச் சற்றே கூட்டி நேர்செய்துகொள்ளலாம். வேலையை மிச்சப்படுத்த எண்ணி, முழு வளைவையும் விரித்து ஒரே தட்டைச் சுவராகக் கொடுப்பாரும் உண்டு. அது தகாது. குழிந்த சுவரின் ஒரு பகுதி மறு பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூரைப்பக்கம் சூடாயிருந்தால் கீழ்ப்பக்கத்துக்குக் கதிர் செல்லும். தட்டைச் சுவரோ தன்னைத்தான் காணாது. பக்கங்களாக வெட்டினால்தான் அவை ஒன்றையொன்று நோக்கும்.

சுவரின் தடிமன் வழியே வெப்பம் செல்வதிலும் வளைவு குறுக்கிடுமோ என்று ஐயுறலாம். கணக்குக்காக, உள் ஆரம் 3 மீட்டர், சுவர்த் தடிமன் 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். உருளைக்குரிய சூத்திரப்படி தடை 0.0953 என்று வரும். தட்டையாகக் கருதி உட்பரப்பைக் கொண்டு கணித்தால் 0.1. வேறுபாடு ஐந்து விழுக்காடே. உட்பரப்புக்குப் பதிலாகச் சுவரின் நடு ஆரத்தை எடுத்துக்கொண்டால் அதுவும் மறைந்துவிடும். ஆக, சுவரில் அச்சமில்லை.

அச்சம் சுவருக்கு அப்பால் மண்ணில் இருக்கிறது. அதே சுரங்கத்தைச் சுற்றி 20 மீட்டர் ஆரம் வரை மண்ணைக் கணக்கில் சேர்ப்போம். உருளைச் சூத்திரம் 1.80 என்று சொல்லுமிடத்தில் தட்டைக் கணக்கு 5.06 என்று சொல்லும். ஏறத்தாழ மூன்று மடங்கு! காரணம் எளிது. சுரங்கத்திலிருந்து விலக விலக, வெப்பம் பரவுவதற்குரிய இடம் விரிந்துகொண்டே போகிறது. தட்டை மண்ணிலோ அது குறுகிய சந்தில் செல்வதைப்போலவே செல்லும். மெல்லிய சுவரில் பொருந்திய கணக்கை அப்படியே மண்ணுக்கும் நீட்டுகிறவர், மண் ஏற்கவல்ல வெப்பத்தில் மூன்றிலொரு பங்கையே காண்பார். திட்டம் பயனற்றது என்று கைவிட்டும் விடுவார். ஆதலின் பொறியாளர் சுவர் வரைக்கும் ஒரு நிரலையும், மண்ணுக்கு மண்ணைக் கணிக்கவல்ல வேறொரு நிரலையும் கொண்டு, இரண்டையும் எல்லையில் கைகோக்கச் செய்கின்றனர்.

மண்ணுக்கு நினைவும் நெடிது. பகலின் சூடும் இரவின் குளிரும் நிலத்தில் ஒரு சாண் இறங்குவதற்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். கோடையும் குளிர்காலமுமாகிய ஆண்டு அலை மூன்று மீட்டர் அளவில் தேய்கிறது. அதற்கு மிகக் கீழே, மண் அவ்வூரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கிறது. லண்டன் நிலத்தடி ரயிலைச் சுற்றியுள்ள களிமண் 1900ஆம் ஆண்டை ஒட்டி 14 டிகிரி இருந்தது; நூற்றாண்டு கழிந்தபின் இடத்துக்கு இடம் 19 முதல் 26 டிகிரி வரை ஏறிவிட்டது. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கொட்டிய வெப்பம் திரும்பிப் போகவே இல்லை. 2020இல் அந்நகரின் இஸ்லிங்டன் பகுதியில், 1922இலேயே மூடப்பட்ட சிட்டி ரோடு நிலையத்தின் காற்றுப்போக்கியிலிருந்து வரும் அந்த வெப்பத்தை எடுத்து வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினர். எனவே ஓராண்டுக்கு மட்டும் ஒப்புருக் கணக்கை ஓட்டிப் பார்த்து மகிழ்வது பேதைமை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்காவது ஓட்ட வேண்டும்.

பூமிக்குள் வெப்பத்தோடு போராடுவது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பிழைப்பைத் தேடி வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்ற நம் முன்னோர், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, 60 டிகிரிக்கு மேற்பட்ட சூடுள்ள பாறைகளுக்கு நடுவே உழைத்தனர். அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அங்கே வெப்பம் பாறையிலிருந்து மனிதரை நோக்கி வந்தது. நகர ரயில் சுரங்கத்தில் மனிதரிடமிருந்து மண்ணை நோக்கிப் போகிறது. திசைதான் வேறு.

இனி, வெப்பக் கணக்கை மட்டும் பார்ப்பவர் மறந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிர்ந்த நீர் நிரப்பிய பித்தளைச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். போச்சாரத்தில் அறை மூடியது. வெளிக்காற்றை ஈரம் நீக்கியே உள்ளே விடுகின்றனர். 26 டிகிரியும் 55 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், தளம் 16 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் வியர்க்கும். சென்னையிலோ கடற்காற்று வீசுகையில் 32 டிகிரியும் 70 விழுக்காடு ஈரமும் சாதாரணம். அந்தக் காற்று ரயிலோடு சுரங்கத்துக்குள் புகுந்தால், 26 டிகிரிக்குக் கீழுள்ள சுவரெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். தண்டவாளத்திலும் மின்கம்பிகளிலும் சொட்டும் சுவரை எவரும் விரும்பார். ஆகவே டூரினில் பொருந்திய நீரின் குளிர்ச்சி சென்னைக்குப் பொருந்தாது. இங்கே நீரை 26 டிகிரிக்கு மேலேயே வைத்துக்கொண்டு, உறிஞ்சும் வெப்பம் குறைவாயினும் போதும் என்று அமைய வேண்டியிருக்கும்.

உறிஞ்சிய வெப்பத்தை எவரிடம் கொடுப்பது என்பதும் கேட்கத்தக்கது. பனி விழும் நாட்டில் வீட்டைச் சூடாக்க அது உதவும். நம் ஊர்களில் வேண்டுவோர் மருத்துவமனைச் சலவைக்கூடங்களும், விடுதிகளின் வெந்நீர்க் கொதிகலன்களும், பெருஞ்சமையற்கூடங்களுமே. அவை நிலையத்துக்கு அருகே இல்லையெனில், மேலே ஒரு குளிர்விக்கும் கோபுரத்தின் வழியே வெப்பத்தை வானில் விட்டுவிடலாம்; அல்லது குளிரூட்டும் பொறிகள் கழிக்கும் சூட்டை அதே குழாய்களால் மண்ணுக்கே தரலாம். மண் எத்தனை ஆண்டு அதனைத் தாங்கும் என்பதற்கு நிலத்தடி நீரோட்டத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஓடும் நீர் வெப்பத்தை இழுத்துச் சென்றுவிடும். நின்ற நீர் தேக்கிக்கொள்ளும். ஹைதராபாத்தின் கருங்கற்பாறையில் நீர் பிளவுகளின் வழியே மட்டும் ஊர்கிறது. சென்னையில் பல இடங்களில் மணலும் களியும் மாறிமாறி வருகின்றன. ஒரே சுரங்கத்தில் இரண்டு பர்லாங்குக்குள் விடை மாறக்கூடும்.

போச்சாரத்துக்காரர் கட்டடத்தை இரு பாதியாக்கி அளந்ததுபோல, இங்கும் குழாய் உள்ள இரண்டு வளையங்களையும் குழாய் இல்லாத இரண்டு வளையங்களையும் அடுத்தடுத்து நிறுத்தலாம். சுவரிலும் மண்ணிலும் வெப்பமானிகளைப் புதைத்து, ஐப்பசி கார்த்திகை அடைமழை உட்பட ஓராண்டு முழுவதும் அளந்து, கணிப்பொறி சொன்னதோடு ஒப்பிட வேண்டும். சுரங்கம் தோண்டும் செலவோடு பார்க்கையில் இதற்காகும் செலவு மிகச் சிறிதே.